வெள்ளைக் கொக்கு வெளிறிப் போகிறது: கூந்தன்குளம் படம், விமர்சனம் தேவை

நாங்குநேரியான்:
எல்லோருக்கும் வணக்கம். இணைத்திருக்கும் படம் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்தில் எடுத்தது. கரை மேல் நின்றுகொண்டு, காலை ஒன்பதரை மணி வாக்கில் எடுத்தேன். ஆழமில்லாத தண்ணீரில் சின்னக் கொக்கு ஒன்று மீனுக்காக நிற்கிறது. ஏபிஎஸ்-சி (நடுத்தர அளவு சென்சார்) கேமரா, 70-300 லென்ஸ். 300 மி.மீ., எஃப் 5.6, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 400. அபெர்ச்சரை (லென்ஸ் திறப்பு, அதாவது எஃப் எண்) மட்டும் நான் வைத்தேன். ஷட்டர் வேகத்தைக் கேமராவே 1/1000 நொடி என்று எடுத்துக்கொண்டது.

தண்ணீர், கரைப் புல், பின்னால் இருக்கும் கருவேல மரம் எல்லாம் கண்ணில் பார்த்த மாதிரியே வந்திருக்கின்றன. கொக்கின் முதுகில் மட்டும் ஓர் இறகுகூடத் தெரியவில்லை, ஒரே வெள்ளைத் திட்டு. வீட்டில் காட்டினால் "நல்லா இருக்கே" என்கிறார்கள். எனக்கு மனசு ஆறவில்லை. ஏன் இப்படி ஆகிறது? தூரத்தை இன்னும் கிட்டே காட்டும் 150-600 லென்ஸ் வாங்கினால் சரியாகுமா? படத்தில் வேறு என்ன குறை இருந்தாலும் தயங்காமல் சொல்லுங்கள்.

உப்பளத்தான்:
அருமை தம்பி! கொக்கு நிற்கிற நிலை அழகு. 300 மி.மீ. பறவைக்குப் பத்தவே பத்தாது. பழைய 150-600 ஒன்று நல்ல நிலையில் கிடைத்தால் யோசிக்காமல் வாங்கிவிடு. தலைக்குப் பின்னால் ஒரு குச்சி நீட்டிக்கொண்டிருக்கிறது பார். இப்போது வரும் மென்பொருளில் அதை ஒரே தட்டில் எடுத்துவிடலாம்.

நீர்க்கோழி:
தம்பி, முதலில் வெட்டாத முழுப் படத்தையும் போடு. இது எவ்வளவு வெட்டியது என்று தெரியாமல் லென்ஸ் போதுமா போதாதா என்று யாராலும் சொல்ல முடியாது.

உப்பளத்தான் அண்ணனுக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். "அருமை" என்று எழுதுவதில் அன்பு இருக்கிறது, அது வேண்டும். ஆனால் அதை வைத்துக்கொண்டு தம்பி நாளைக்கு எதை மாற்றுவான்? கண் முதலில் எங்கே போனது, எங்கே தட்டியது, எந்த இடத்தில் படத்தை விட்டு வெளியே போனது என்று எழுதினால் எடுத்தவனுக்குப் பயன்படும். என் கண் முதலில் கொக்கின் முதுகுக்குப் போனது, ஏனென்றால் படத்திலேயே வெளிச்சமான இடம் அதுதான். அங்கே பார்க்க ஒன்றும் இல்லாததால் உடனே பின்னால் இருக்கும் குச்சிக்குப் போய்விட்டது. கொக்கின் கண்ணுக்குக் கடைசியாகத்தான் வந்தேன். பறவைப் படத்தில் இந்த வரிசை தலைகீழாக இருக்க வேண்டும்.

குச்சியை மென்பொருளில் எடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. எடுத்துவிட்டால் படம் சுத்தமாகிவிடும், ஆனால் அடுத்த தடவையும் குச்சிக்கு முன்னாலேயே போய் நிற்பாய். இரண்டடி இடது பக்கம் நகர்ந்திருந்தால் குச்சி கொக்கின் தலையை விட்டு விலகியிருக்கும்.

பொருநை:
தம்பி, பாளையங்கோட்டையில் ரொம்ப காலம் ஸ்டூடியோ வைத்திருந்தவன் நான். உன் கேள்விக்கு வருகிறேன்.

கேமராவுக்குள் வெளிச்சத்தை அளக்கும் மீட்டருக்குக் கொக்கும் தெரியாது, காக்காவும் தெரியாது. தன் முன்னால் இருப்பது எல்லாம் சேர்ந்து ஒரு நடுத்தரச் சாம்பல் நிறம் என்று நினைத்துக்கொண்டு கணக்குப் போடும். விழும் வெளிச்சத்தில் சுமார் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் சாம்பல் என்று நாங்கள் படித்தோம், அதற்கென்றே சாம்பல் அட்டை விற்பார்கள். உன் படத்தில் பெரும்பகுதி கரும்பச்சைத் தண்ணீரும் மரமும். "அடடா, இருட்டாக இருக்கிறதே" என்று மீட்டர் எல்லாவற்றையும் தூக்கிவிட்டது. தண்ணீர் சாம்பலாகி அழகாக வந்தது. ஏற்கெனவே பளீரென்று இருந்த கொக்கு எல்லை தாண்டிப் போய்விட்டது.

கல்யாணத்தில் மாப்பிள்ளையின் பட்டு வேட்டி மடிப்பு தெரியவில்லை என்றால் வீட்டுக்காரர்கள் ஆல்பத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். அதனால் எங்களுக்கு வெள்ளையைக் காப்பாற்றுவதுதான் முதல் வேலை. நெகட்டிவ் ஃபிலிமில் வெளிச்சம் கொஞ்சம் கூடிவிட்டாலும் பிரிண்ட் போடும்போது சமாளிக்கலாம். டிஜிட்டலில் அது நடக்காது. நிழலைப் பிறகு தூக்கலாம், எரிந்துபோன வெள்ளையை யாராலும் கொண்டுவர முடியாது.

நீ செய்ய வேண்டியது: எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (மீட்டர் போட்ட வெளிச்சக் கணக்கைக் கூட்டிக் குறைக்கும் வசதி) மைனஸ் ஒன்றில் வைத்து ஒரு படம் எடு. பின்திரையில் பெரிதாக்கி முதுகைப் பார். இறகு தெரியவில்லையா, இன்னும் மூன்றில் ஒரு ஸ்டாப் இறக்கு (ஒரு ஸ்டாப் இறக்கினால் வெளிச்சம் பாதியாகும், ஏற்றினால் இரண்டு மடங்காகும்). அந்த வெயிலுக்கு 1/2500 பக்கம் வந்து நிற்கும் என்று நினைக்கிறேன்.

நாங்குநேரியான்:
நன்றி பொருநை அண்ணாச்சி. முழுப் படமும் இப்போது போட்டிருக்கிறேன் நீர்க்கோழி டீச்சர். நடுவில் கொஞ்சம்தான் கொக்கு, பாதிக்கு மேல் வெட்டியிருக்கிறேன்.

ஒரு சந்தேகம். வெள்ளைப் பறவை என்றால் எப்போதும் மைனஸ் என்று வைத்துக்கொள்ளலாமா?

பொருநை:
கூடாது. இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். அதே கொக்கு கிட்டே வந்து ஃபிரேம் முழுக்க நிறைந்துவிட்டது என்று வைத்துக்கொள். இப்போது மீட்டருக்கு எல்லாமே வெள்ளை. "ரொம்ப வெளிச்சம்" என்று இறக்கிவிடும், கொக்கு அழுக்குச் சாம்பலாக வரும். அப்போது பிளஸ் வைக்க வேண்டும். அதேபோல வெளுத்த வானத்தில் கரிச்சான் கம்பி மேல் உட்கார்ந்திருந்தால் ஒன்றிலிருந்து இரண்டு ஸ்டாப் வரை பிளஸ். பறவையின் நிறத்தை மட்டும் பார்க்காதே. ஃபிரேமில் எந்த நிறம் அதிக இடம் பிடித்திருக்கிறது என்று பார்.

இந்தத் தலைவலி வேண்டாம் என்றால் மேனுவலுக்கு, அதாவது எல்லாவற்றையும் நீயே வைக்கும் முறைக்குப் போய்விடு. வெயில் மாறாத வரைக்கும் கொக்கின் மேல் விழும் வெளிச்சமும் மாறாது. பின்னால் தண்ணீர் வந்தாலும் வானம் வந்தாலும் கொக்குக்கு ஒரே எக்ஸ்போஷர்தான். ஃபிலிம் காலத்தில் மீட்டர் இல்லாதவர்கள் வைத்திருந்த கணக்கு இது: உச்சி வெயிலில் எஃப் 16, ஷட்டர் ஒன்றின் கீழ் ஐஎஸ்ஓ. ஐஎஸ்ஓ 400 என்றால் எஃப் 16-க்கு 1/400, எஃப் 8-க்கு 1/1600, எஃப் 5.6-க்கு 1/3200. வெள்ளைப் பறவைக்கு அதிலிருந்து ஒரு ஸ்டாப் குறை. காலை இளவெயில் என்றால் ஒன்று, ஒன்றரை ஸ்டாப் கூட்டு. இதை வைத்துத் தொடங்கி, திரையில் பார்த்துச் சரிசெய்துகொள்.

கருவாலி:
அண்ணாச்சி சொன்னது எல்லாம் சரி. கூட ஒன்று, ரா ஃபைலில் (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) எடுங்கள். ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான். ராவில் 12 பிட் என்றாலே 4096. பின்திரையில் வரும் ஹிஸ்டோகிராமும் (வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடம்), எரிந்த இடத்தில் மினுக்கும் எச்சரிக்கையும் கேமரா தயாரிக்கும் ஜேபெக்கை வைத்து வருபவை. ராவில் அதற்கு மேல் கொஞ்சம் இடம் மிச்சம் இருக்கும், சில கேமராக்களில் ஒரு ஸ்டாப் வரைக்கும். எனவே முதுகில் ஒரு துளி மினுக்கினால் பயப்பட வேண்டாம், பிறகு மீட்டுவிடலாம்.

நீர்க்கோழி:
கருவாலி, தம்பி இப்போதுதான் கற்றுக்கொள்கிறான். ராவில் எடுக்கட்டும், அதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் "பிறகு மீட்கலாம்" என்பதை இந்தக் கட்டத்தில் மனதில் போட வேண்டாம். களத்தில் சரியாக வைத்துப் பழகிய பிறகு அந்த ஒரு ஸ்டாப் அவனுக்கு உதவும். அதற்கு முன்னால் கிடைத்தால் கவனக்குறைவுக்குத்தான் உதவும்.

கருவாலி:
ஒத்துக்கொள்ள முடியவில்லை டீச்சர். பறவை உங்களுக்காகக் காத்திருக்காது. கற்றுக்கொள்பவனுக்குத்தான் பாதுகாப்பு வலை அதிகம் தேவை. ஒரு நல்ல கணம் கிடைத்து அது எரிந்துபோனால் ஆள் சோர்ந்துவிடுவான். ராவும் வேண்டும், களத்தில் கவனமும் வேண்டும்.

வாடைக்காற்று:
முழுப் படத்தையும் பார்த்தேன். எக்ஸ்போஷரை விட எனக்கு உறுத்துவது நின்ற இடம். தம்பி, நீங்கள் கரை மேல் நிற்கிறீர்கள், கொக்கு கீழே தண்ணீரில். மேலிருந்து பார்ப்பதால் கொக்கின் முதுகுதான் தெரிகிறது, அதை ஒட்டிய தண்ணீரும் புல்லும்தான் பின்னணி. 300 மி.மீ., எஃப் 5.6-இல் பத்து மீட்டர் தூரத்தில் உங்கள் கேமராவுக்குத் தெளிவாக விழும் ஆழம் ஏறக்குறைய 25 செ.மீ. தான். பின்னணி நன்றாகக் கரைய அது போதும், ஆனால் பின்னணி தூரத்தில் இருந்தால்தான். கொக்குக்கு ஓரடி பின்னால் புல் இருந்தால் அது பாதி தெரிந்தும் பாதி தெரியாமலும் அலங்கோலமாக நிற்கும். தரையோடு தரையாக உட்கார்ந்து அதே லென்ஸில் எடுத்தால் கொக்குக்குப் பின்னால் இருப்பது எதிர்க்கரை, அதாவது நூறு மீட்டருக்கு அப்பால். பச்சையாக ஒரே பூச்சு போல ஆகிவிடும். கொக்கின் கண் உயரத்துக்கு வந்துவிடுவதால் பார்ப்பவருக்கும் அதன் முகம் நேராகக் கிடைக்கும்.

இன்னொன்று நேரம். ஒன்பதரை மணி தாமதம். வெயில் ஏறியதும் தண்ணீருக்கும் தரைக்கும் மேலே காற்று சூடாகிக் கானல் ஆடத் தொடங்கும். அதன் வழியாக எடுத்தால் தூரத்துப் பறவை எதுவும் கூர்மையாக வராது, லென்ஸ் எத்தனை லட்சம் ஆனாலும் சரி. பலபேர் லென்ஸில் கோளாறு என்று கடைக்கு எடுத்துக்கொண்டு ஓடுவது இதற்காகத்தான். சூரியன் எழுந்ததும் முதல் ஒன்றரை மணி நேரம், உங்கள் நிழல் பறவையை நோக்கி நீளும்படி உட்காருங்கள்.

அப்புறம் காற்று. இதை யாரும் சொல்லித் தருவதில்லை. பெரிய பறவைகள் காற்றை எதிர்த்துத்தான் எழும், எதிர்த்துத்தான் இறங்கும். மார்கழி, தை மாதங்களில் நமக்கு வாடை, வடகிழக்கிலிருந்து வரும். காலையில் சூரியனும் கிழக்குப் பக்கம். கிழக்குக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தால் வெளிச்சமும் காற்றும் உங்கள் பின்னாலிருந்து. இறங்குகிற நாரை உங்களைப் பார்த்து இறங்கும், முகத்தில் வெயில் விழும். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மேல்காற்று அடிக்கும்போது காலையில் இதே இடத்தில் உட்கார்ந்தால் எல்லாம் உங்களுக்கு வாலைக் காட்டித்தான் இறங்கும். அப்போது சாயங்காலம் மேற்குக்கு முதுகைக் காட்டி உட்கார வேண்டும்.

நாங்குநேரியான்:
காற்று விஷயம் எனக்குப் புதிது அண்ணா. முப்பந்தல் காற்றாலைகளைப் பார்த்தே வளர்ந்தவன், இதை யோசித்ததில்லை.

லென்ஸ் பற்றி யாராவது முடிவாகச் சொல்லுங்கள். கையில் இருக்கும் பணத்தைப் போட்டுவிடலாமா என்று தவிக்கிறேன்.

உப்பளத்தான்:
நான் இன்னமும் வாங்கு என்றுதான் சொல்வேன். உப்பளத்தில் பூநாரை எடுப்பவன் நான். அவை இருக்கும் தூரத்துக்கு 300-ஐ வைத்துக்கொண்டு என்ன செய்வது? கிட்டே போனால் மொத்தக் கூட்டமும் எழுந்துவிடும். நீளமான லென்ஸ் பறவைக்கும் நல்லது, தொந்தரவு செய்யாமல் எடுக்கலாம்.

பொருநை:
உப்பளத்தான் சொல்வதில் நியாயம் இருக்கிறது, பூநாரைக்கு. ஆனால் 150-600 ஏறக்குறைய இரண்டு கிலோ. 600-இல் எஃப் 6.3 தான் திறக்கும், விடியற்காலையில் ஐஎஸ்ஓ ஏறும். கையில் பிடித்துத் தரையில் உட்கார்ந்து எடுக்கப் பழக்கம் வேண்டும். தம்பி பக்கத்து வயல்களில் ஒரு பருவம் முழுக்க 70-300 வைத்துப் பழகட்டும்.

நம் திருநெல்வேலியில் 1912-இல் பிறந்த மா. கிருஷ்ணனை நினைத்துக்கொள் தம்பி. பல கேமராக்களின் பாகங்களை ஒன்றுசேர்த்துத் தானே உருவாக்கிய கேமராவை வைத்துக்கொண்டு, கறுப்பு வெள்ளையில், காட்டில் யானைகளை எடுத்தவர். 1970-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். விலங்கு அடுத்து என்ன செய்யும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த அறிவு எந்த மவுண்ட்டுக்கும் (கேமராவில் லென்ஸ் மாட்டும் இடம்) பொருந்தும்.

நீர்க்கோழி:
அண்ணாச்சி தொட்ட இடத்திலிருந்து நான் தொடர்கிறேன், என் பாடம் உயிரியல் என்பதால்.

உன் படத்தில் இருப்பது சின்னக் கொக்கு. கறுப்பு அலகு, கறுப்புக் கால், ஆனால் பாதம் மஞ்சள். அந்த மஞ்சள் பாதத்தைத் தண்ணீருக்குள் வைத்து நடுக்கும், சேற்றைக் கலக்கும். ஒளிந்திருக்கும் சின்ன மீன் பதறி ஓடும். அப்போது கொக்கு அசையாது நிற்கும், கழுத்தைப் பின்னுக்கு இழுத்து மடக்கும், தலையை லேசாகச் சாய்க்கும். அடுத்தது குத்துதான். குத்தின பிறகு பொத்தானை அழுத்தினால் தண்ணீர்த் தெறிப்பு மட்டும் கிடைக்கும். கழுத்து மடங்கும்போதே தொடர்ச்சியாக எடுக்க ஆரம்பித்துவிடு. ஃபோகஸைத் தொடர் முறையில் வைத்து, ஒற்றைப் புள்ளியைக் கண்ணில் நிறுத்து. கண்ணைத் தானே தேடும் வசதி உன் கேமராவில் இருந்தால் இன்னும் சுலபம். நின்றிருக்கும் கொக்குக்கு 1/500 போதும், குத்துகிற தருணத்துக்கு 1/2000-க்குக் குறையக் கூடாது.

ஒரு காலைப் பொழுதைக் கேமராவைத் தொடாமல் கொக்கைப் பார்ப்பதில் செலவழி. பாதம் எப்போது நடுங்குகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார். படம் அதற்குப் பிறகு வேறு மாதிரி வரும்.

முகில்:
நானும் கூந்தன்குளம் போயிருந்தேன். ஊருக்குள் வேப்ப மரத்தில் மஞ்சள் மூக்கு நாரைகள் கூடு கட்டியிருந்தன. ஒரு வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் குஞ்சுகள் கைக்கெட்டும் தூரம். இலை கொஞ்சம் மறைக்கிறது. அந்தக் கிளையை மட்டும் கயிறு கட்டி இழுத்துப் பிடித்தால் அற்புதமான படம் கிடைக்கும். அனுமதி யாரிடம் கேட்க வேண்டும்?

நீர்க்கோழி:
யாரிடமும் கேட்க வேண்டாம், செய்யவே வேண்டாம். அந்த இலைதான் குஞ்சுக்கு நிழல். நம் ஊர் வெயிலில் தாய் நாரை இறக்கையை விரித்துக் குடை பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். நீங்கள் கிட்டே போய் அது எழுந்து பறந்தால் அந்தக் குடையும் போய்விடும். காக்காவும் பருந்தும் அதற்காகத்தான் சுற்றிக்கொண்டிருக்கின்றன. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்ற சொல்லின் விளக்கத்துக்குள்ளேயே பறவைகளின் கூட்டைக் கலைப்பதும் அடங்குகிறது.

தலைமுறை தலைமுறையாக அந்த ஊர் மக்கள் தங்கள் வீட்டு மரங்களை இந்தப் பறவைகளுக்கு விட்டுக்கொடுத்து வாழ்கிறார்கள். எச்சத்தின் நாற்றத்தையும் சத்தத்தையும் பொறுத்துக்கொள்கிறார்கள். 1994-இல் சரணாலயமாக அறிவித்ததற்கும், 2022-இல் ராம்சர் என்ற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் வந்ததற்கும் வெகு காலம் முன்பே காவலுக்கு இருந்தவர்கள் அவர்கள். விருந்தாளியாகப் போகும் நாம் கிளையில் கயிறு கட்டினால் அது அவர்களுக்கும் செய்கிற அவமரியாதை. இலை மறைக்கிறதென்றால் மறைக்கட்டும். இலைக்கு நடுவே தெரியும் குஞ்சின் கண்ணும் படம்தான்.

முகில்:
சரி டீச்சர், புரிகிறது. அந்த யோசனையை விட்டுவிட்டேன்.

கருவாலி:
கூடவே ஒன்று. தனியாக எங்கேயாவது கூடு கண்டால் படத்தோடு இடத்தைப் போடாதீர்கள். ஃபோனில் எடுத்த படத்துக்குள் இருப்பிடக் குறிப்பு தானாகப் பதிந்திருக்கும். பதிவேற்றும் முன் அதை நீக்கிவிடுங்கள்.

நாங்குநேரியான்:
புதுப் படம் போட்டிருக்கிறேன். எங்கள் வீட்டுப் பக்கத்து வயலில் தொழி அடிக்கிற டிராக்டருக்குப் பின்னால் உண்ணிக்கொக்குகள். காலை ஏழேகால். வரப்பில் உட்கார்ந்து எடுத்தது. மேனுவல், ஐஎஸ்ஓ 400, எஃப் 5.6, 1/1600. ரா. வெட்டியது ஓரங்களில் கொஞ்சம்தான். டிராக்டர் ஓட்டுகிற மாமாவிடம் சொல்லிவிட்டு உட்கார்ந்ததால் அவர் என் பக்கமாகவே சால் ஓட்டினார், கொக்குகளும் அவர் பின்னாலேயே வந்துவிட்டன.

பொருநை:
முதுகில் இறகு எண்ணலாம் போல இருக்கிறது தம்பி. சேற்றின் பழுப்புக்கு எதிரே வெள்ளை எடுத்து நிற்கிறது. இடப்பக்க ஓரத்தில் பாதிக் கொக்கு வெட்டுப்பட்டு நிற்கிறது, அதை முழுக்க வெளியே தள்ளிவிடு. முன்னால் இருக்கும் கொக்கு வலப்பக்கம் பார்க்கிறது, அந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம் இடம் விட்டிருக்கலாம்.

வாடைக்காற்று:
பின்னணி அருமையாகக் கரைந்திருக்கிறது, வரப்பில் உட்கார்ந்ததன் பலன் அது. டிராக்டரின் சக்கரம் ஒரு மூலையில் மங்கலாகத் தெரிவதை வெட்டிவிடாதீர்கள். கொக்குகள் ஏன் அங்கே கூடியிருக்கின்றன என்று அதுதான் சொல்கிறது. மண் புரளும்போது கிளம்பும் பூச்சியும் புழுவும்தானே அவற்றுக்கு இரை. அடுத்த முறை சக்கரத்தை இன்னும் தாராளமாகவே உள்ளே விடுங்கள்.

உப்பளத்தான்:
300 போதும் போலிருக்கிறதே தம்பி! இப்போதைக்கு லென்ஸ் பேச்சை நானும் எடுக்கவில்லை. பூநாரை சீசனுக்கு இந்தப் பக்கம் வா, என்னுடைய 150-600-ஐ ஒரு நாள் வைத்து எடுத்துப் பார். பிடித்தால் வாங்கு.

முகில்:
என்னிடம் ஃபோன் மட்டும்தான் இருக்கிறது. நான் இதில் என்ன கற்றுக்கொள்ள முடியும்?

வாடைக்காற்று:
நிறைய. தூரத்துப் பறவையை ஃபோனில் துரத்தாதீர்கள், டிஜிட்டல் ஜூம் வெறும் வெட்டல்தான். பறவை சின்னதாகவும் இடம் பெரிதாகவும் வரும் படங்களை எடுங்கள்: மரம் நிறைய நாரைகள், கீழே திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பாட்டி, அப்படி. வெள்ளையைத் தொட்டுப் பிடித்தால் பெரும்பாலான ஃபோன்களில் ஃபோகஸும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும். விரலைக் கீழே இழுத்தால் வெளிச்சம் குறையும். அண்ணாச்சி சொன்ன மைனஸ் காம்பன்சேஷன்தான் அது. பாட்டியிடம் கேட்டுவிட்டு எடுங்கள். எடுத்ததும் வெட்டாமல் இங்கே போடுங்கள், பார்ப்போம்.